விளக்கு எரிகிறது, இயந்திரம் எழும்பவில்லை
உழவு இயந்திரத்தில் விட்டு விட்டு வரும் மின்கோளாறுகள்

முதல் மழை விழுந்து நிலம் ஈரம் கண்டதும் உழுது விதைப்பதற்கு எமக்குக் கிடைப்பவை சில நாட்களே. அந்த நாட்களிலேதான் உழவு இயந்திரம் எம்மைச் சோதிக்கிறது. திங்கட்கிழமை திறப்பைத் திருப்பியதும் இயங்குகிறது. செவ்வாய்க்கிழமை 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனால் அங்கே ஒழுங்காக இயங்குகிறது. வயலுக்கு வந்ததும் மீண்டும் பழைய கதைதான்.

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. ஒரு விதைப்புத் தவறினால் குத்தகைப் பணமும் கடனும் தலைமேல் நிற்கும். அதனால் அவசரப்பட்டு நகையை அடகு வைத்துப் புதிய பற்றறி வாங்குகிறோம். பல வேளைகளில் கோளாறு பற்றறியில் இருப்பதில்லை, இணைப்புகளில் இருக்கிறது. பணம் செலவழிக்குமுன் தேடிப் பார்க்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காகச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பாக இருந்த ஒரு விவசாயக் குழுவின் பொது உழவு இயந்திரத்துக்கு இதே நோய் வந்தது. குழுவின் பணத்தில் புதிய பற்றறி வாங்கினோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் நின்றது. இரவில் பற்றறியைக் கழற்றி வீட்டில் விளக்கு எரிக்கிறான் என்று சாரதியாக இருந்த இளைஞன் மீது பேச்சு எழுந்தது. நாமும் அதை நம்பினோம். கூட்டத்தில் வைத்து அவனைக் கேள்வி கேட்டோம். அவன் ஒன்றும் பேசாமல் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பின்னர் வந்த ஒரு வயதான மெக்கானிக், பற்றறியிலிருந்து இயந்திரத்தின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் தடித்த வயரின் போல்ற்றைக் கழற்றிக் காட்டினார். வயரும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பெயின்றும் கறளும் சேறும் இருந்தன. சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினார். அரை மணி நேர வேலை. புதிய பற்றறியைப் பூட்டும்போது அந்த வயர் அசைந்து கொஞ்சம் தொட்டிருக்கிறது. அதனால்தான் மூன்று வாரம் ஓடியது. அன்று மாலையே அந்த இளைஞனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

ஏன் இப்படி நடக்கிறது?

மின்சாரம் பற்றறியிலிருந்து புறப்பட்டுப் பற்றறிக்கே திரும்பி வர வேண்டும். போவது வயர் வழியாக. திரும்புவது பெரும்பாலும் இயந்திரத்தின் இரும்பு வழியாகவும் 'எர்த்' வயர் வழியாகவும். இந்த வட்டத்தில் எந்த இடத்திலாவது இணைப்பு நெகிழ்ந்தாலும் கறள் பிடித்தாலும் அங்கே தடை உண்டாகும்.

"விளக்கு நன்றாக எரிகிறது, அப்படியானால் பற்றறியும் வயரும் நல்லவைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து எடுப்பது ஏறக்குறைய 10 அம்பியர். ஸ்ராட்டர் டீசல் இயந்திரத்தைச் சுற்ற 200 அம்பியரும் அதற்கு மேலும் எடுக்கும். ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியும்போது அங்கே இழப்பது 0.2 வோல்ற் மாத்திரமே, கண்ணுக்குத் தெரியாது. ஸ்ராட்டர் இழுக்கும்போது இழப்பது 4 வோல்ற். 12 வோல்ற்றில் 4 போனால் மிச்சம் 8. ஸ்ராட்டர் சுற்றாது. ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும், லொறி போகாது என்பதைப் போன்றதே இது. சூடும் அதிர்வும் ஈரமும் இணைப்பை ஒருநாள் தொட வைக்கும், ஒருநாள் விலக வைக்கும். ஆகவேதான் கோளாறு விட்டு விட்டு வருகிறது.

முதலில் பாதுகாப்பு

பற்றறியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அருகில் தீக்குச்சியோ போத்தல் விளக்கோ கூடாது. அதன் அமிலம் கண்ணையும் தோலையும் எரிக்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வயர்களைக் கழற்றும்போது இரும்புச் சட்டத்தோடு இணைந்த வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

இன்னுமொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறோம். திறப்புக்கு இயங்காதபோது, பெரிய சில்லுக்கு முன்னால் நிலத்தில் நின்றுகொண்டு ஸ்ராட்டரின் இரண்டு முனைகளைத் திருப்புளியால் தொடுத்து இயக்கும் பழக்கம் இருக்கிறது. இயந்திரம் கியரில் இருந்தால் அது உடனே பாய்ந்து, தொடுத்தவரையே ஏறி மிதிக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எவ்வளவு அவசரமானாலும் இதைச் செய்யாதீர்கள்; பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள்.

தேடும் ஒழுங்கு

கோளாறு இருக்கும் நேரத்திலேயே தேட வேண்டும். ஒழுங்காக இயங்கும்போது தேடினால் ஒன்றும் அகப்படாது. கியரை நடுநிலையில் வைத்து, சாரதி ஆசனத்தில் ஒருவரை இருத்தி, முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள்.

1. விளக்கு மிகவும் மங்கி 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், பற்றறி பலவீனமாக இருக்க வேண்டும் அல்லது தடித்த வயர்களின் இணைப்பு ஒன்று கெட்டிருக்க வேண்டும்.

2. விளக்கு மங்காமல் ஒரு சத்தமும் இல்லாவிட்டால், மின்சாரம் ஸ்ராட்டரை எட்டவேயில்லை. திறப்புச் சுவிட்சையும் அதிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் மெல்லிய வயரையும் பாருங்கள். பல உழவு இயந்திரங்களில் கியர் நடுநிலையில் இல்லாவிட்டால் ஸ்ராட்டரைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. சேறு புகுந்து அது கெடுவது வழக்கம். அதைத் திருத்துங்கள், நிரந்தரமாகத் தொடுத்துவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் சுவிட்ச்.

3. ஸ்ராட்டர் வேகமாகச் சுற்றியும் இயந்திரம் எழும்பாவிட்டால் கோளாறு மின்சாரத்தில் பெரும்பாலும் இல்லை. டீசலில் தண்ணீரோ குழாயில் காற்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாவது நிலை என்றால் மல்ரிமீற்றர் ஒன்றை இரவல் வாங்குங்கள். இயந்திரத்தைச் சில மணி நேரம் நிறுத்தியபின் பற்றறியில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய அரைவாசி. 12க்குக் கீழே என்றால் ஏற்ற வேண்டும். அடுத்து, திறப்பைத் திருப்பும்போது அளவுங்கள். கவ்வியில் அல்ல, பற்றறியின் ஈய முனையிலேயே மீற்றரை வையுங்கள். அப்போது 10 வோல்ற்றுக்கு நன்றாகக் கீழே விழுந்தால் பற்றறியைச் சந்தேகியுங்கள். 10க்கு மேல் நின்றும் ஸ்ராட்டர் சுற்றாவிட்டால் பற்றறி பெரும்பாலும் குற்றமற்றது.

இனி மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மறு முனையை இயந்திரத்தின் துப்புரவான இரும்பிலும் வைத்துத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புக் கெட்டிருக்கிறது. மற்றைய முனையிலிருந்து ஸ்ராட்டர் வரையுள்ள தடித்த வயரையும் இவ்வாறே சோதிக்கலாம். மீற்றர் கிடைக்காவிட்டால், சில செக்கன் முயன்று பார்த்தபின் இணைப்புகளுக்கு அருகே கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அதுவே குற்றவாளி.

துப்புரவாக்குதல்

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவுங்கள். அந்த நீர் பற்றறிக்குள் போகக் கூடாது. முனைகளையும் கவ்விகளையும் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் பூசுங்கள். எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் பெயின்றைச் சுரண்டிவிடுங்கள். பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். சுண்ணாம்புப் பாறையுள்ள யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் தண்ணீர் பற்றறிக்கு முற்றாகப் பொருந்தாது. காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

காலையில் மாத்திரம் பற்றறி இறங்கியிருந்தால்

இயந்திரம் ஓடும்போது பற்றறியில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருக்க வேண்டும். 13ஐ எட்டாவிட்டால் டைனமோவையும் அதன் பெல்ற்றையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் இரவில் இறங்கினால், எர்த் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே 12 வோல்ற் சிறிய மின்குமிழ் ஒன்றைத் தொடுங்கள். எல்லாச் சுவிட்சும் மூடியிருக்கும்போது அது எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது குமிழ் அணைகிறதோ அந்த வழியில் தேடுங்கள். நீண்ட காலம் நின்ற இயந்திரங்களில் எலி கடித்த வயர்கள் இருக்கும். வயர்க்கட்டை அசைத்துப் பார்த்தால் அகப்படும். பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடாதீர்கள், வயர் தீப்பற்றும்.

வீட்டு விளக்குக்கும் தொலைபேசிக்கும் ஸ்ராட்டர் பற்றறியிலிருந்து மின்சாரம் எடுப்பதையும் தவிருங்கள். அடிமட்டம்வரை இறங்கி இறங்கி ஏறினால் அது விரைவில் கெடும்.

ஒரு கொப்பி வையுங்கள்

இயந்திரம் நின்ற ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்: காலையா, சூடேறிய பின்னரா, மழைக்குப் பின்னரா, வரம்பு ஏறி இறங்கிய பின்னரா? நாலைந்து வரிகள் சேர்ந்ததும் கோளாறு தன் வழியைத் தானே காட்டிக்கொடுக்கும். பொது இயந்திரம் வைத்திருக்கும் குழுக்களுக்கு இது மிகவும் அவசியம். கொப்பி இல்லாத இடத்தில் சந்தேகம் வளரும்.

எமது குழுவின் அந்த இளைஞன் அடுத்த போகத்துக்குத் திரும்பி வந்தான். ஒவ்வொரு போகத்துக்கும் முன் எல்லா இணைப்புகளையும் கழற்றித் துப்புரவாக்குவது இப்போது அவன் பொறுப்பு. அவனுக்குக் கீழ் இருவர் பழகுகிறார்கள். பற்றறி இன்னும் அதே பற்றறிதான். பொருளானாலும் ஆளானாலும் சோதித்துப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்வது என்று அன்று நாம் கற்றுக்கொண்டோம்.