சாம்பல் நிற வயர்

சேலையூரில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வாட்ச்மேன் போர் மோட்டாரைப் போடுவார். டியூப் லைட் ஒருமுறை துடித்து அடங்கும். என் கம்ப்யூட்டர் கறுத்துப்போய் மறுபடி முதலிலிருந்து எழும். தினமும் அல்ல. ஒரு வாரம் இரண்டு நாள் நடக்கும், அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காது. அதனால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டாயிற்று. ராமைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய பற்களை ரப்பரால் தேய்த்துச் செருகியும் ஆயிற்று.

ஒருநாள் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மோட்டாருக்காகக் காத்திருந்தேன். திரை அணைந்தது, உள்ளே சுழன்ற விசிறி நிற்கவே இல்லை. அதுதான் துப்பு. சூடு தாங்காமல் போனால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரேயடியாக அணைந்துவிடும், தானாக எழாது. ராம் பழுதென்றால் நீலத்திரையும் பிழைச் செய்தியும் எட்டிப்பார்க்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கண நேரத்தில் கறுத்து எழுகிறதென்றால் முதலில் மின்சாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 முனை கேபிளில், வழக்கமாக எட்டாவது முனையில், சாம்பல் நிறத்தில் ஒரு வயர் இருக்கும். அது எதையும் ஓட்டுவதில்லை. ‘நான் தரும் மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்ற சேதியை 5 வோல்ட்டாகச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அந்தச் சேதி நின்ற மாத்திரத்தில் மதர்போர்டு பிராசஸரை ரீசெட் செய்துவிடும். அரைகுறை மின்சாரத்தில் தப்பான கணக்கைப் போட்டு, அதையே டிஸ்கில் எழுதி வைப்பதைவிட எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மேல். நாம் பழுது என்று திட்டுகிற ரீஸ்டார்ட் உண்மையில் ஒரு காவல்.

சரி, சேதி ஏன் நிற்கிறது? நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அது நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர், நம் மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மின்சாரம் அடியோடு நின்றாலும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். கண் சிமிட்டும் நேரம் இதைவிடப் பல மடங்கு.

ஆனால் கப்பாசிட்டருக்கு ஆயுள் உண்டு. உள்ளே ஈரமான மின்பகு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றும். பல கப்பாசிட்டர்களின் மேலே ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் பல வகைகளுக்கு 2,000 மணி நேரம்தான் உத்தரவாதம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், கூடினால் பாதியாகும். தூசி அடைத்த விசிறியோடு தாம்பரத்துக் கத்திரி வெயிலில் ஓடும் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். வற்றிய தொட்டியால் பத்து மில்லிசெகண்ட் பள்ளத்தையே சரியாக நிரப்ப முடியாது.

மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தக் கணம் வோல்டேஜ் இறங்கும். எதிர்வீட்டு ஏ.சி.களால் ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்திருந்து, என் கம்ப்யூட்டரும் கடுமையான வேலையில் இருந்தால்தான் வரம்பு உடையும். மூன்றும் கூடிவந்த நாட்களில் மட்டும் ரீஸ்டார்ட். தற்செயல் போலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

மல்டிமீட்டர் இதில் ஏமாற்றிவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் 12 வோல்ட் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் சரி என்பது விதி. என் மீட்டர் சாவகாசமாக 12.1 காட்டியது. சில மில்லிசெகண்ட் சரிவு அதன் கண்ணில் படவே படாது. குரோம்பேட்டை நண்பரின் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மற்ற எதையும் தொடவில்லை. இரண்டு வாரம் மோட்டார் ஓடியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. பிறகு ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கினேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறதே என்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் ‘யூ.பி.எஸ்.’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால், பேட்டரிக்கு மாறும் நேரம் கம்ப்யூட்டர் தாங்கும் அளவைத் தாண்டிப் போகலாம். ஃபேனுக்கு அது தெரியாது; கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேபினட்டைத் தாராளமாகத் திறங்கள், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.