அமீனா இல்லாத நீதிமன்றம்

கோர்ட்டில் ஜெயித்தால் மட்டும் போதாது. பணம் கைக்கு வந்து சேர வேண்டும். பாக்கிச் சம்பளத்துக்கோ பென்ஷனுக்கோ வழக்காடியவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

நம் ஊர்க் கோர்ட்டுகளுக்குத் தீர்ப்பை நிறைவேற்றி வைக்க அமீனா உண்டு. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு அமீனாவும் இல்லை, போலீசும் இல்லை. அங்கே பிரதிவாதிகள் சர்க்கார்களே. அப்படியானால் அதன் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? ரஷ்யர் ஒருவரின் வழக்கு இதற்கு விடை சொல்கிறது.

1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மீட்பு வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கதிர்வீச்சால் உடல் கெட்டது. அவருக்கு உதவித் தொகைப் பாக்கியைக் கொடுக்கும்படி உள்ளூர் கோர்ட் 1997-ல் தீர்ப்பளித்தது. இலாகாவோ, பணம் இல்லை என்று கையை விரித்தது.

அவர் ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். "கஜானாவில் பணம் இல்லை" என்பது கோர்ட் தீர்ப்பை மதிக்காததற்குச் சாக்காகாது என்று 2002-ல் அந்த நீதிமன்றம் கூறியது. 3,000 யூரோ நஷ்டஈடும் விதித்தது.

கண்காணிக்கும் குழு

தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு. அது விடாமல் கேட்டது. அவரைப் போன்ற செர்னோபில்காரர்கள் ஆயிரக்கணக்கானோரின் பழைய பாக்கியும் தீர்ந்தது. ஆனால் நோயின் வேர் போகவில்லை. பிற்பாடு கிடைத்த தீர்ப்புகளின் பணமும் தாமதமாயிற்று. அவர் மறுபடியும் படியேறினார்.

2009-ல் நீதிமன்றம் வேறு வழி கண்டது. இவர் ஒருவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் போதாது. இதே குறை உள்ள அனைவருக்கும் உள்நாட்டிலேயே பரிகாரம் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டு, கெடுவும் வைத்தது. 2010-ல் ரஷ்யா அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது.

ஒருவருடைய தீர்ப்பு ஊருக்கே சட்டமாயிற்று. சர்வதேசத் தீர்ப்புக்கு வலு வரும் வழி இதுதான். ஏழைகள் எல்லோரும் ஸ்ட்ராஸ்பர்க் வரை போக முடியுமா? உள்ளூர் கோர்ட்டிலேயே நியாயம் கிடைக்க வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022-ல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா, ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 15-க்குப் பின் வரும் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளை ஏற்பதில்லை என்று சட்டமும் செய்துகொண்டது. சர்க்கார் கதவைச் சாத்திக்கொண்டால், அமீனா இல்லாத நீதிமன்றம் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.