தண்ணின்னா தண்ணிதான்!

"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்!"

ஆபீஸில் மேலதிகாரி இப்படிக் கர்ஜித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஃபாரஸ்ட் மேப்பை எடுத்துக் காட்டைத் தேடுவதில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு பேசாமல் சீட்டுக்குத் திரும்புகிறோம். அதில் காடும் கிடையாது, தூக்குவதும் கிடையாது, அடிப்பதும் கிடையாது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மட்டும்தான் நிஜம்!

சொல்லுக்கு நேர் அர்த்தம் ஒன்று, உள் அர்த்தம் ஒன்று. 13-ம் நூற்றாண்டிலேயே 'நன்னூல்' எழுதிய பவணந்தி முனிவர் இதை 'வெளிப்படை', 'குறிப்பு' என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டார். நமக்கோ தினசரிப் பேச்சில் குறிப்புதான் ஜாஸ்தி. வெளிப்படை மறந்தே போய்விட்டது.

அதை ஞாபகப்படுத்திக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. குற்றாலம் ஐந்தருவி!

சீசன் நேரத்தில் போயிருந்தேன். எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் என் உச்சந்தலையில் கையை வைத்தவுடனே சொன்னார்: "தம்பி, எண்ணெய் வச்சு எம்புட்டு நாளாச்சு? மண்டை காஞ்சில்லா கெடக்கு!"

ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து தடவை 'மண்டை காயுதுப்பா' என்று நானும்தான் புலம்புகிறேன். தொட்டுப் பார்த்துச் சொன்னவர் இவர் ஒருத்தர்தான்!

அருவிக்குள் நுழைந்தால் அடுத்தடுத்து இதே கதை. மேனேஜர் புகழ்ந்தால் 'உச்சி குளிர்ந்தது' என்போமே, இங்கே உச்சி நிஜமாகவே குளிர்கிறது. பல்லும் சேர்ந்து தந்தி அடிக்கிறது. பங்காளிச் சண்டை போட்டவன் 'அவனைத் தலை முழுகியாச்சு' என்பான். இங்கே அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கிளையில் ஒட்டி நின்று தலை முழுகுகிறார்கள்!

பேரைப் பாருங்கள். புலியருவியில் புலி நிற்காது. தேனருவியில் தேன் கொட்டாது. ஐந்தருவி மட்டும் கொஞ்சம் நாணயம். 'ஐந்து கிளைகளிலும் தண்ணீர்' என்று பேப்பரில் வந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சீசன் மந்தமாக இருந்தால் அதிலும் இரண்டு மூன்று குறையும்!

மிகைப்படுத்துவதில் இந்த ஊரை அடிக்க முடியாது. பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 'குற்றாலக் குறவஞ்சி'யில் அருவித் தண்ணீரை வானம் வரைக்கும் ஏற்றி, சூரியனின் தேரையே வழுக்க வைத்துவிட்டார். அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்களா? மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். அதற்குக் 'குறவஞ்சி மேடு' என்று பேர். நாம் டி.ஏ. பில்லில் நாலு கிலோமீட்டர் கூட்டிப் போட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால், கவிராயர் சொன்ன 'வழுக்கல்' பொய்யில்லை ஸார். பாசி படிந்த பாறையில் கால் வைத்தவனுக்குத் தெரியும். 'வழுக்கும், ஜாக்கிரதை' என்று போர்டில் எழுதினால் வழுக்கும் என்று மட்டும்தான் அர்த்தம். அதற்குக் குறிப்புப் பொருள் எல்லாம் கிடையாது. நம் இளவட்டங்கள் சிலர் அதையும் ஏதோ அரசியல்வாதி பேச்சு மாதிரி கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

2024 மே 17-ந் தேதி, பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயசுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மலை மேலே எங்கோ மழை கொட்டும். கீழே நிற்பவன் தலைக்கு மேல் ஒரு சொட்டு இருக்காது. அதனால்தான் இங்கே 'நிறம் மாறுது' என்றால் ஆளைப் பற்றிய பேச்சு இல்லை. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வருகிறது, ஓடு என்று அர்த்தம். மெயினருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. 'எல்லை மீறிப் போச்சு' என்று நாம் சும்மா சொல்வோமே, அங்கே அந்த எல்லை கண்ணுக்கு முன்னால் கல்லாக நிற்கிறது.

அன்றைக்கு ஐந்தருவியில் ஒரு கான்ஸ்டபிள் மெகாஃபோனில் கத்திக்கொண்டே இருந்தார்: "தண்ணியைப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள எறங்கப்படாது!" ஒரே வாக்கியத்தில் இரண்டு தண்ணி. முதலாவது குறிப்பு, இரண்டாவது வெளிப்படை. பவணந்தியார் கேட்டிருந்தால் உதாரணமாகவே சேர்த்திருப்பார்!

கொஞ்ச நேரத்தில் கிளைகளில் வேகம் கூடியது. சருகும் குச்சியும் சேர்ந்து விழ ஆரம்பித்தன. விசில் சத்தம். எல்லோரும் படியேறினோம். நாலு பையன்கள் மட்டும் நகரவில்லை. அதில் ஒருத்தன் வசனம் பேசினான்: "தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன, முழம் என்ன ஸார்?"

கான்ஸ்டபிள் மெகாஃபோனை இறக்கினார்.

"அளந்து சொல்ல நீ இருக்க மாட்டேலே... ஏறு மேல!"

நாலு பேரும் ஏறினார்கள்.