நாய்க் கழிவு எருவல்ல!

மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் நல்ல எரு. 'அதேபோல நாய்க் கழிவும் மண்ணோடு மண்ணாகிவிடும்' என்று பல வீடுகளில் அதை அள்ளாமலே விட்டுவிடுகிறார்கள். மழையில் கழிவு கரைந்துவிடும். அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

நாயின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை, மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்த பிறகே நோய் பரப்பும் நிலைக்கு வரும். பிறகு ஆண்டுக்கணக்கில் அழியாது. மண்ணில் விளையாடும் குழந்தை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால், முட்டை வயிற்றுக்குள் போகும். அதிலிருந்து வரும் இளம்புழு ஈரல், நுரையீரலுக்குப் போகும்; சில நேரம் கண்ணுக்கும் போய்ப் பார்வையைக் கெடுக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலைத் துளைத்து நுழையும். நுழைந்த இடத்தில் கடும் அரிப்பும், வளைந்து நெளிந்த சிவப்புக் கோடும் தெரியும்.

ஆடு, மாடுகளுக்கும் ஆபத்து உண்டு. நாயின் ஒருவகை நாடாப்புழு முட்டை புல்லோடு உள்ளே போனால், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். மனிதர்களுக்கும் இது வரும்; அறுவை சிகிச்சைவரை போகலாம். கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு மறுபடி நாடாப்புழு வரும். தீவனத்தில் நாய் கழித்தால், 'நியோஸ்போரா' என்ற ஒட்டுண்ணியால் சினை மாடுகளுக்குக் கருச்சிதைவும் ஏற்படலாம்.

செய்ய வேண்டியவை:

* தினமும் காலையில் கழிவை மண்வெட்டியால் அள்ளுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். தினமும் அள்ளினால், உருண்டைப்புழு முட்டை முதிர்வதற்குள் அகற்றிவிடலாம்.
* கிணறு, காய்கறிப் பாத்தி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குத் தள்ளி, ஓரடிக்கும் அதிக ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் போட வேண்டாம்.
* வைக்கோல் போர், தீவனத் தொட்டிப் பக்கம் நாயை விடாதீர்கள்.
* அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள்.
* நாடாப்புழு முட்டை கழிவோடு வெளிவந்த உடனே தொற்றும். அதனால் அள்ளினால் மட்டும் போதாது. குடற்புழு நீக்க மருந்தும் அவசியம். குட்டிக்கு 2 வார வயதில் தொடங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

காவலுக்கு வளர்க்கும் நாயால் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நோய் வராமல் இருக்க, தினமும் ஐந்து நிமிட வேலையும், தவறாத குடற்புழு நீக்க மருந்தும் உதவும்.