குளிசை மாறும் கிழமைகள்

2010 ஆம் ஆண்டிலிருந்து என்னுடைய கைப்பையில் ஏதாவது ஒரு குளிசை இருந்துகொண்டே வருகிறது. இடையில் இரண்டு தடவை மருந்தே மாறியிருக்கிறது. எங்கள் மாதர் சங்கத்தில் இதை நான் ஒளித்ததில்லை. அதனால் கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது யாராவது ஒருவர் பின்னால் வந்து மெதுவாகக் கேட்பார்: "அக்கா, எனக்கும் வேற குளிசை எழுதியிருக்கினம். பழசு சரிவரேல்லையோ? எனக்கு வருத்தம் முத்திட்டுதோ?"

இந்தக் கேள்விக்கு ஆறுதலாக இருந்து பதில் எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நான் மருத்துவர் அல்ல, தையல் வேலை செய்பவள். இங்கே எழுதுவது என் உடம்பு கண்டதும், கிளினிக் வாங்கில் காத்திருந்தபோது மற்றப் பெண்களிடம் கேட்டதும், டொக்டரைத் துருவித் துருவிக் கேட்டு அறிந்ததும்தான். உங்களுடைய குளிசையின் அளவை இதைப் பார்த்து மாற்ற வேண்டாம்.

என் வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் பெயர் பதகளிப்பு நோய். காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். கை விறைக்கும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பேன். மகள் பள்ளிக்கூடத்தால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் என் மனதில் அவள் செத்துவிடுவாள். இறுதி யுத்தத்துக்குள்ளால் வந்த பெண்களுக்கு இதை விபரிக்கத் தேவையில்லை.

மீளக்குடியமர்ந்த புதிதில், நித்திரை இல்லை என்று போன இடத்தில், டயசப்பாம் 5 மில்லிகிராம் தந்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முதல் இரவு ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சு அடங்கியது. தந்தவரைத் தெய்வம் என்றுதான் நினைத்தேன். இந்தக் குளிசை 1963 ஆம் ஆண்டிலிருந்து உலகமெல்லாம் பாவனையில் இருக்கிறது. வலிப்புக்கும், சத்திரசிகிச்சைக்கு முன்னும், சில நாள் நெருக்கடிக்கும் நல்ல மருந்து. ஆனால் அது சில நாட்களுக்கு, கூடினால் சில கிழமைகளுக்கு உரியது. பெரிய அதிர்ச்சி ஒன்றுக்குப் பின் வரும் முதல் மாதத்தில், பயத்துக்கோ நித்திரையின்மைக்கோ இந்த வகைக் குளிசைகளைப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வழிகாட்டல் வெளியிட்டது. அதற்குள் நான் மூன்று வருடம் விழுங்கிவிட்டேன். துண்டு பழசானாலும் தரும் மருந்துக் கடைகள் அப்போது இருந்தன.

மூளைக்குள் பதட்டத்தை அடக்கும் இயற்கையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டயசப்பாம் அதற்குக் கை கொடுக்கிறது. நாளாந்தம் வெளியிலிருந்து உதவி வந்தால், மூளை தன் சொந்த ஏற்பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு அதே இரண்டு குளிசை போதாமல் வரும். விட்டாலும் இருக்க முடியாது. இது அந்தப் பெண்ணின் குணக்கேடு இல்லை, மருந்தின் வேலை அப்படித்தான். "குளிசைக்கு அடிமையாகிட்டாள்" என்று சொல்லும் மாமிமார் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

என்னை மாற்றத்துக்குத் தள்ளியது பயம் அல்ல, மறதி. 2014 இல், காணாமல் ஆக்கப்பட்ட என் கணவர் பற்றி ஒரு விசாரணையில் சொல்லப் போயிருந்தேன். எந்தத் திகதி, எந்த இடம், உடன் நின்றவர் யார் என்று கேட்டார்கள். ஆயிரம் தரம் மனதுக்குள் சொன்ன இடத்தின் பெயர் நாக்கில் வரவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். நீண்ட காலம் டயசப்பாம் எடுப்பவர்களுக்கு ஞாபகம் மங்குவதும் மந்தமாக இருப்பதும் உண்டு என்று பின்னர் கேட்டறிந்தேன். யுத்தமும் ஞாபகத்தைக் குழப்பும் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்த ஞாபகம் தேவை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சாட்சி.

2016 தை மாதம் மனநலக் கிளினிக்கில் இருந்த டொக்டர் என் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பிறகு, "அம்மா, இது உங்கட பயத்தை மூடி வைச்சிருக்கு, குறைக்கேல்லை. வேற மருந்துக்கு மாறுவம். ஆனா இண்டைக்கு இதை நிப்பாட்டேலாது" என்றார். கடைசி வசனந்தான் முக்கியம்.

புதிய மருந்து சேர்ட்ரலீன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது. "எனக்கு மனச்சோர்வு இல்லையே டொக்டர்" என்றேன். அதே மருந்து பதகளிப்புக்கும் மனவடுவுக்கும் வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தினார். டயசப்பாம் மாதிரி ஒரு மணித்தியாலத்தில் கேட்காது. இரண்டு தொடக்கம் ஆறு கிழமை செல்லும், பதகளிப்பு என்றால் சிலருக்கு அதைவிடவும் கூடச் செல்லும். அதற்குப் பழக்கமாகும் தன்மை டயசப்பாமைப் போல இல்லை. என்றாலும் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் கிழமை அரைக் குளிசை, 25 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பின். அடுத்த கிழமை முழுக் குளிசை. அது வரைக்கும் டயசப்பாம் இருந்தபடியே இருக்கும்.

இந்த முதல் இரண்டு கிழமைகளில்தான் கூடுதலான பெண்கள் புதுக் குளிசையை எறிகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. வயிறு இளகியது. அதைவிட, படபடப்புக் குறையாமல் கூடியது. குந்தி இருக்க முடியாமல் ஒரு அந்தரம். பயத்துக்குத் தந்த மருந்து பயத்தைக் கூட்டினால் யார்தான் விழுங்குவார்? ஆனால் டொக்டர் இதை முன்னரே சொல்லியிருந்தார், சின்ன அளவில் தொடங்கியதும் இதனால்தான். நாட்காட்டியில் கீறிக்கொண்டு வந்தேன். பதினாறாம் நாள் பிரட்டல் நின்றது. ஐந்தாவது கிழமையில் ஒரு நாள், மகள் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் பிந்தி வந்திருக்கிறாள் என்பதையே கவனித்தேன்.

இந்தக் கிழமைகளில் பொறுத்துப் பார்க்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ, இருந்த எண்ணம் வலுத்தாலோ, அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்க வேண்டாம். 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் இதை விசேடமாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்.

மாசிக் கடைசியில் டயசப்பாமைக் குறைக்கத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் எடுத்தவளுக்கு 2 மில்லிகிராம் குளிசைகளும் சேர்த்துத் தந்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 1 மில்லிகிராம் குறைத்தார். 2 மில்லிகிராமுக்கு வந்த பிறகு அரை அரையாக. இந்த முறையின் பின்னால் பெரிய அனுபவம் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் அஷ்டன் என்ற பெண் மருத்துவப் பேராசிரியர் 1982 இலிருந்து 1994 வரை இந்தக் குளிசைகளை விட முடியாதவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளர்களிடம் கேட்டுக் கேட்டு, ஆறுதலாக, அவரவர் வேகத்தில் குறைக்கும் முறையை எழுதி வைத்தார்.

குறைத்து வந்தபோது என்னைக் குழப்பியது சத்தம். பக்கத்து வீட்டில் கோப்பை விழுந்தால் நான் நிலத்தில் இருப்பேன். பழைய காலம் திரும்பிவிட்டது, மருந்து தோற்றுவிட்டது என்று அழுதேன். டொக்டர் வேறு கேள்விகள் கேட்டார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா? தோலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறதா? வேர்க்கிறதா? எல்லாம் ஆம். அது டயசப்பாம் குறையும்போது நரம்புகள் கூர்மையாவதால் வருவது, சில கிழமையில் அடங்கும் என்றார். எங்களைப் போல ஷெல் சத்தம் கேட்ட பெண்கள் இதைப் பழைய பயம் என்றே எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பது பெரிய உதவி. அந்தப் படியில் ஒரு மாதம் நின்றோம். மே மாதம் முழுக்க எதையும் குறைக்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செப்டெம்பரில் கடைசி அரைத் துண்டும் முடிந்தது.

இதே குளிசையை எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா கோயில் விரதத்தோடு ஒரே நாளில் விட்டார். நான்கு நாள் நன்றாக இருந்தார். "பாத்தியே, கடவுள் பாத்துக்கொண்டார்" என்று எனக்குச் சொன்னார். ஒன்பதாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டயசப்பாம் உடம்பில் நாட்கணக்கில் தங்கும், அதனால் விட்டதன் பலன் பிந்தித்தான் தெரியும். முதல் நாட்களின் சுகத்தை நம்பக் கூடாது.

இன்னொரு பயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, உளவளத்துணைப் பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். படபடப்புக் குறைந்த நாட்களில், அவரை நான் மறந்துவிட்டேனோ என்று நெஞ்சு உறுத்தியது. பயந்துகொண்டிருப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் காவல் என்று எப்படியோ மனம் முடிவெடுத்திருந்தது. அந்தப் பிள்ளை புத்தி சொல்லவில்லை. "அவரைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அவர் கடைசியாக உடுத்திருந்த சாரத்தின் நிறம், நாங்கள் நின்ற வடலிக் கரை, அந்த இடத்தின் பெயர், எல்லாம் வந்தன.

இரண்டாவது மாற்றம் 2022 இல் வந்தது. என் உடம்பு அதற்குக் காரணமில்லை, நாட்டின் நிலைமைதான். டொலர் இல்லாமல் மருந்து இறக்குமதி தடைப்பட்ட வருடம் அது. முதலில் வேறு கம்பனியின் சேர்ட்ரலீன் வந்தது. வெள்ளைக் குளிசை நீலமாக மாறியதும் கிளினிக்கில் பெண்கள் கலவரப்பட்டார்கள். பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதையும் மில்லிகிராமையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். இல்லாவிட்டால் பழைய பெட்டியில் ஒன்றும் புதுப் பெட்டியில் ஒன்றுமாக ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்க நேரும்.

பிறகு அதுவும் இல்லாமல் போக, புளுஒக்சற்றின் 20 மில்லிகிராம் எழுதினார்கள். இந்த மாற்றம் இலகுவாக இருந்தது. சில நாள் சேர்ட்ரலீனைப் பாதியாக்கி, அடுத்த நாள் காலையில் புதியதைத் தொடங்கினேன். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். சேர்ட்ரலீனில் பாதி ஒரு நாள் அளவில் உடம்பை விட்டுப் போய்விடும். அதனால்தான் இரண்டு மூன்று நாள் தவறினால் தலைச்சுற்றும், தலைக்குள் கறண்ட் அடித்தது போன்ற உணர்வும் வருகின்றன. புளுஒக்சற்றின் நிறுத்திய பிறகும் ஐந்து கிழமை வரை தங்கும். எனவே அதிலிருந்து வேறொன்றுக்கு மாறுபவர்களை டொக்டர் சில நாள் சும்மா இருக்கச் சொன்னால், மருந்து இல்லாமல் விட்டுவிட்டார் என்று கோபிக்க வேண்டாம். பழையது உள்ளே இருக்கும்போது புதியதைக் கொட்டினால் காய்ச்சல், வேர்வை, நடுக்கம், தசை இறுக்கம், மனக்குழப்பம் என்று ஆபத்தாக முடியலாம்.

உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். நோவுக்குத் தரும் ட்ரமடோல் இந்தக் குடும்ப மருந்துகளோடு சேர்ந்தால் இதே ஆபத்து வரலாம். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவை சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியக்கூடும். தொய்வு உள்ளவர்கள், படபடப்புக்கு என்று அயலவர் தரும் புரொப்பிரனலோலை வாயில் வைக்கக் கூடாது. பிள்ளை தங்கியிருந்தால், அல்லது தங்க விரும்பினால், மாற்றத்தைத் தீர்மானிக்கும் முன் சொல்லுங்கள். கணவரோடு இருக்கும் சிலருக்கு இந்தக் குளிசைகளால் தாம்பத்திய விருப்பம் குறையும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் குளிசையை விடுபவர்கள் பலர்; சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. அமிற்றிப்ரிலின் எடுப்பவர்கள் அதைப் பூட்டி வையுங்கள். கொஞ்சம் கூடிப் போனாலும் இருதயத்தைத் தாக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்.

மாற்றம் என்றால் வருத்தம் முத்திவிட்டது என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை மாறினால் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

நான் இப்போது காலையில் ஒரு புளுஒக்சற்றின் எடுக்கிறேன். இரவுக்கு ஒன்றுமில்லை. தையல் மெஷினில் நூல் கோக்கும்போது கை நடுங்குவதில்லை. போன கிளினிக்கில், இதையும் மெல்லக் குறைத்துப் பார்ப்போமா என்று டொக்டர் கேட்டார். மே மாதம் கழியட்டும் என்றேன். கொப்பியில் ஜூன் என்று எழுதித் தந்தார்.