கொழுந்துக்குள் வேதியியல் – 9: சுவரில் ஒட்டிய நொதியம்

ரோலரில் கசங்கிய கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இலையின் கலத்துக்குள் வெவ்வேறு இடங்களில் இருந்த கட்டெச்சின்கள் என்ற பொருள்களும் பொலிபீனோல் ஒக்சிடேஸ் என்ற நொதியமும் கசங்கும்போது சந்திக்கின்றன. மீதியைக் காற்றிலுள்ள ஒட்சிசன் பார்த்துக்கொள்கிறது. டிரையரின் சூட்டில் நொதியம் செத்ததும் மாற்றமும் நின்றுவிடும்.

இந்த நொதியத்தைத் தனியே பிடித்துப் பார்க்க முயன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1925இல் தொடங்கிய இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்த எச்.பி. ஸ்ரீரங்காச்சார், 1943இல் 'பயோகெமிக்கல் ஜேர்னலில்' இந்த நொதியத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதன் மையத்தில் செம்பு இருக்கிறது என்றார். ஆனால் கொழுந்தை அரைத்தால் அதிலுள்ள தனின் (அந்தக் கட்டெச்சின் வகைப் பொருள்கள்தான்) நொதியத்தைப் பிடித்துக்கொள்ளும். சாறு வடிந்துவிடும், நொதியம் சக்கையோடு தங்கிவிடும். அதைக் கரைசலாக வெளியே எடுக்கும் வழியை, அதே நிறுவகத்தில் இருந்த ஜி.டபிள்யூ. சாண்டர்சன் 1964இல்தான் வெளியிட்டார்.

அன்று தொல்லையாக இருந்த ஒட்டலை இன்றைய ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். காரணம் சிக்கனம். ஒரு மருந்து ஒரு நொதியத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் விலை கூடிய நொதியத்தைக் கரைத்து ஊற்றி வீசுவது கட்டுபடியாகாது. அதனால் தலைமுடியை விட மெல்லிய துளையுள்ள சிலிக்காக் குழாய் ஒன்றை எடுக்கிறார்கள். துளை சுமார் 50 மைக்ரோமீட்டர். குழாயின் உட்சுவரில் எதிர் மின்னேற்றம் இருக்கும். நேர் மின்னேற்றமுள்ள ஒரு பொலிமரை அதன் மேல் பூசி, அதற்கு மேல் நொதியத்தை ஓடவிட்டால் அது சுவரோடு தங்கிவிடும். குழாயின் முதல் சில சென்ரிமீற்றர்தான் உலை. அங்கே நொதியம் வழக்கமாகத் தாக்கும் பொருளையும் சோதிக்க வேண்டிய மருந்தையோ தாவரச் சாற்றையோ சேர்த்து, நனோலீற்றர் கணக்கில் செலுத்திச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பிறகு பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே இருப்பவை மின்னேற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து தனித்தனியாக உணரியைக் கடக்கும். உணரி வரையும் வரைபடத்தில் விளைபொருளின் கூம்பு சிறுத்தால் தடுப்பான் இருக்கிறது என்று பொருள். கழுவிவிட்டு, அதே குழாயில் அடுத்த சாறு. மின்னழுத்தத்தால் இப்படிப் பிரிப்பதற்குப் பெயர் கேப்பிலரி எலக்ட்ரோபோரேசிஸ். 2007இல் சீன ஆய்வாளர்கள், நரம்புச் சைகையை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியத்தை இப்படிப் படலம் படலமாக ஒட்டித் தாவரச் சாறுகளைச் சோதித்தார்கள்.

தேயிலை நொதியத்துக்கு நெருங்கிய உறவு டைரோசினேஸ் என்ற இன்னொரு செம்பு நொதியம். தோலில் கறுப்பு நிறமியை உண்டாக்குவது இதுதான்; 'வெள்ளைத் தோல்' கிறீம்காரர்கள் தடுப்பான் தேடுவதும் இதற்குத்தான். (அந்தத் தேவையே எனக்குப் பிடிக்கவில்லை, வேதியியல் வேறு.) பழைய முறையில், கரைசலில் தோன்றும் நிறத்தின் அடர்வை அளந்து முடிவு சொல்வார்கள். கட்டெச்சினையும் டைரோசினேஸ் ஒட்சியேற்றும். அதனால் தேயிலைச் சாறு தானே பழுப்பாகி அளவைக் குழப்பும். குழாய் முறையில் ஒவ்வொரு பொருளும் தனிக் கூம்பாக வருவதால் அந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

ஆனால் தலவாக்கலைத் தனின் இங்கேயும் விடாது. கட்டெச்சின்கள் அகப்பட்ட புரதத்தில் எல்லாம் ஒட்டும். குழாயில் ஒட்டியிருக்கும் நொதியத்திலும் ஒட்டும். அப்போது கூம்பு சிறுக்கும். அது உண்மையான தடுப்பா, வெறும் ஒட்டலா? கழுவிய பின் சாறு இல்லாமல் மீண்டும் ஓட்டி, பழைய உயரம் திரும்புகிறதா என்று பார்த்த ஆய்வைத்தான் நான் நம்புவேன். கிறீன் டீக் கட்டெச்சினான ஈஜீசீஜீ பரிசோதனைக் குழாயில் ஏராளமான நொதியங்களைத் தடுப்பதாகத் தோன்றுவதற்கு இந்த ஒட்டும் குணமும் ஒரு காரணம். குடித்தால் இரத்தத்தில் சேர்வது அதில் மிகச் சிறு பங்குதான்.

நுவரெலியாவில் கடைக்குக் கடை பெட்டிகளில் கிறீன் டீ அடுக்கியிருக்கிறது. வாங்குங்கள், ருசிக்காகக் குடியுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் நோயின் பெயரைப் பார்த்தால் மட்டும் ஒன்று கேளுங்கள்: எந்த நொதியத்தில், எவ்வளவு செறிவில், கழுவிப் பார்த்தார்களா?

(தொடரும்)