துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு

பித்தளை என்றவுடன் நம் மனத்தில் முதலில் தோன்றுவன குடமும், குத்துவிளக்கும், தாம்பாளமுமே. ஆயினும் அவ்வுலோகத்தின் குணங்களை மிகக் கடுமையாகச் சோதிக்கும் பொருள் வேறொன்று உளது. அது விரலளவே உள்ள துப்பாக்கித் தோட்டாவின் கூடாகும். அக்கூடு உண்மையில் வேலை செய்யுங் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கேயாம். அதற்குள் அது விரியவும், வாயுவை அடைக்கவும், மீண்டும் சிறிது சுருங்கவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றேனும் தவறுமாயின் சுடுவோனுடைய கண்ணுக்கும் கைக்கும் கேடு விளைதல் கூடும்.

இக்கூட்டைப் பற்றி மூன்று வினாக்கள் எழுகின்றன. இதற்குப் பித்தளையைத் தேர்ந்தது ஏன்? ஒருமுறை சுட்ட கூட்டை மீண்டும் அச்சிலிட்டுப் பழைய அளவிற்குக் கொணர முயலுங்கால் அது இணங்காதிருப்பது ஏன்? ஒருவரும் தொடாமல் கிடங்கிற் கிடந்த கூடுகள் இந்தியாவின் மழைக்காலத்தில் தாமே பிளந்தது ஏன்? இவை ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றினும், மூன்றிற்கும் அடிப்படை ஒன்றே என்பதை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

கூட்டின் தொழில்

தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள. முன்னே குண்டு, பின்னே தட்டியவுடன் தீப்பற்றும் கேப்பு, இடையே மருந்து, இவற்றை ஒன்றாகப் பிணித்து வைப்பது கூடு. ரைபிள் தோட்டாவின் கூடு பெரும்பாலும் புட்டியின் வடிவம் உடையது. குண்டைப் பற்றும் பாகத்தைக் கழுத்து என்றும், அதன் கீழ்ச் சரிந்த பாகத்தைத் தோள் என்றும், அதன் கீழ் உடல் என்றும், தடித்த கடைப்பகுதியை அடி என்றும் கூறுவோம்.

மருந்து எரியுங்கால் எழும் அழுத்தம் மிகப் பெரிது. அமெரிக்கச் சேனை 1906-ஆம் ஆண்டு மேற்கொண்ட முப்பது-பூஜ்ய-ஆறு என்னும் தோட்டாவிற்கு அந்நாட்டார் வகுத்த உச்ச அளவு, சதுர அங்குலத்திற்கு 60,000 இராத்தல். இவ்வழுத்தத்தைத் தாங்குவது துப்பாக்கியின் எஃகு அறையே. மெல்லிய கூடு தாங்குவதன்று. கூட்டின் தொழில், அறையின் சுவரோடு ஒட்ட விரிந்து வாயு பின்னோக்கி வாராமல் அடைத்தலே. அழுத்தம் தணிந்தவுடன் கூடு சுவரை விட்டுச் சற்றே விலகுதல் வேண்டும். விலகாவிடில் அதனை வெளியே இழுத்தல் அரிதாகும்.

இங்கேதான் உலோகத்தின் மீள்சக்தி வந்து உதவுகின்றது. எந்த உலோகமும் ஓர் எல்லைவரை இழுக்கப்பெற்றால் விட்டவுடன் பழைய நிலையை அடையும். எல்லையைக் கடந்தால் நிலையாகத் திரிந்துவிடும். அங்ஙனம் திரிந்த பின்னரும் விட்டவுடன் ஒரு சிறு அளவு பின்வாங்கவே செய்யும். எல்லை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு இப்பின்வாங்கலும் மிகும். உலோகத்தின் விறைப்பு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் அது மிகும். பித்தளையின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறையப் பாதியே. ஆதலால் இறுகிய பித்தளைக் கூடு, தன்னைச் சூழ்ந்த எஃகு அறையினும் மிகுதியாகப் பின்வாங்கி எளிதில் வெளிவருகின்றது.

மெல்லிய செம்பிற்கு இக்குணம் போதாது. 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் கஸ்டர் என்பாருடைய படையினர் செம்புக் கூடுகளையே கொண்டிருந்தனர். அவற்றுட் சில சூடேறிய அறையில் சிக்கிக் கொண்டன. அதுவே தோல்விக்குக் காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 1984-ஆம் ஆண்டு முதல் அக்களத்தில் நடைபெற்ற அகழ்வாராய்ச்சியில் சிக்கிய அடையாளமுள்ள கூடுகள் சிலவே கிடைத்தமையால், அக்கூற்று மிகையென்பது புலனாயிற்று. ஆயினும் செம்பின் குறை மெய்யே. ஆங்கிலேயரும் 1866-ஆம் ஆண்டு முதல் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகளை வழங்கி, 1885-ஆம் ஆண்டளவில் சூடான் போரில் அவை சிக்கி அல்லற்படுத்தியதைக் கண்ட பின்னரே, ஒரே துண்டாக இழுத்துச் செய்த கூட்டைக் கைக்கொண்டனர்.

கூடு உருவாகும் விதம்

இக்கூட்டிற்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உள. முதலில் தகட்டிலிருந்து வட்டமான வில்லை ஒன்றை வெட்டிக் கிண்ணமாக அழுத்துவர். பின்னர் அக்கிண்ணத்தை ஒன்றினும் ஒன்று சிறிய அச்சுகளின் வழியே பன்முறை தள்ளி நீண்ட குழாயாக்குவர். ஒவ்வொருமுறையும் உலோகம் இறுகிப் போவதால், இடையிடையே உலையிலிட்டுக் காய்ச்சி இளக்குவர்.

இவ்வுண்மை நம் நாட்டுக் கன்னாருக்குப் புதிதன்று. பாத்திரத்தைச் சுத்தியலால் அடிக்க அடிக்க அது இறுகும் என்பதும், இறுகியதை மேலும் அடித்தால் விரியும் என்பதும், காய்ச்சினால் மீண்டும் இணங்கும் என்பதும் அவர்கள் கைகண்ட செய்திகள். உலோகம் நுண்ணிய பளிங்கு மணிகளால் ஆயது. அடிபடுங்கால் அம்மணிகளினுள்ளே அணுத்தளங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றன. வழுக்கல் மிகமிக அவை தம்முட் பின்னித் தடைப்பட்டு, மேலும் வழுக்க இடமின்றி நிற்கின்றன. போதிய வெப்பம் பெற்றால் புதிய மணிகள் தோன்றி அச்சிக்கல் நீங்குகின்றது.

முடிந்த கூட்டின் அடி இறுகியே இருத்தல் வேண்டும்; பின்னோக்கிய அழுத்தத்தைத் தாங்குவது அதுவே. கழுத்தும் தோளும் சற்று இளகியிருத்தல் வேண்டும். ஆதலின் அவற்றை மட்டும் தீயிற் காட்டி இளக்குவர். படைத் தோட்டாக்களின் கழுத்தருகே காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த சாயல், இவ்வாறு காய்ச்சியதன் அடையாளம்.

மீண்டும் அச்சிலிடுங்கால் நேரும் இடர்கள்

அமெரிக்கா முதலிய நாடுகளில் இலக்குச் சுடும் பயிற்சியுடையோர், சுட்ட கூட்டை எறிந்துவிடாமல் அச்சிலிட்டு ஒடுக்கிப் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் சேர்த்துப் பயன்படுத்துவர். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிய அனுமதியின்றித் தோட்டா செய்தல் குற்றமாதலால், ஈண்டு நாம் கூறுவது செய்முறைப் போதனையன்று. பித்தளையின் இயல்பை அறிதற்கு அவர்களுடைய அனுபவம் நல்ல சான்றாதல் பற்றியே கூறுகின்றோம்.

முதல் இடர், கூடு அச்சினுள்ளே சிக்கிக்கொள்ளுதல். உலர்ந்த பித்தளை எஃகின்மேல் உராயுங்கால் ஒட்டிப் பற்றும். அதற்கு மசகு பூசுதல் வேண்டும். ஆனால் மிகுதியாகப் பூசினாலும் கெடுதியே. மசகு தோளருகே அடைபட்டுத் தப்ப வழியின்றித் தோளைக் குழியச் செய்யும். எண்ணெய் அழுத்தத்திற் சுருங்காது என்பதற்கு இக்குழிகளே சாட்சி.

இரண்டாம் இடர் வியப்பிற்குரியது. கூடு அச்சினுள் எளிதிற் சென்று வருகின்றது; ஆயினும் துப்பாக்கியின் அறையில் முன்னையினும் இறுக்கமாக நுழைகின்றது. காரணம் யாதெனில், அச்சு கூட்டின் உடலை முதலில் நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட உலோகம் முன்னோக்கிச் செல்கின்றது. அதனால் தோள் முன்னே தள்ளப்படுகின்றது. அச்சு முழுதும் இறங்கித் தோளைத் தொட்டுப் பின்தள்ளினாலன்றிக் கூடு முன்பிருந்ததினும் நீண்டே நிற்கும். பாதி ஒடுக்கிய கூடு ஒடுக்காத கூட்டினும் பொல்லாதது என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவில் ஐயமுற்றோர், அச்சிற்கும் கூட்டைத் தாங்கும் பிடிக்கும் இடையே வெளிச்சம் தெரிகின்றதா என்று நோக்குவர். அழுத்தும் பொறியே சிறிது வளைந்து கொடுத்தலும் உண்டு.

மூன்றாம் இடர், அச்சை ஒருபோதும் அசைக்காதிருக்கவும், சில கூடுகள் அளவிற்கு வருதலும் சில வாராமையும். இங்குக் குறை அச்சிலன்று, பித்தளையில் உளது. பலமுறை சுட்டும் ஒடுக்கியும் இறுகிய கூடு, அச்சை விட்டு வெளிவந்தவுடன் மிகுதியாகப் பின்வாங்கும். அறையில் நமக்கு நன்மை செய்த அதே பின்வாங்கல் அச்சில் இடையூறாகின்றது. ஐந்துமுறை சுட்ட கூட்டையும் ஒருமுறை சுட்ட கூட்டையும் ஒரே அச்சில் இட்டால் ஒரே அளவு கிடையாது. எனவே அறிந்தோர் எத்தனைமுறை சுட்டது என்னுங் கணக்குப்படி கூடுகளை வகுத்து வைத்து, கழுத்தையும் தோளையும் மட்டும் காய்ச்சி இளக்குவர். அடிப்பகுதி காய்ச்சப்பெறின் அக்கூடு எறியத்தக்கதே. இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது வாயுவைச் சுடுவோன்மீது விட்டுவிடும்.

நான்காம் இடர், முன்னதற்கு மாறானது. ஆபத்து மிக்கதும் இதுவே. கூடு தடையின்றி நுழைய வேண்டுமென்று கருதித் தோளை அளவிற்கு மிஞ்சிப் பின்தள்ளிவிடின், அறையில் வெற்றிடம் உண்டாகும். சுடுங்கால் கூட்டின் முற்பகுதி சுவரைப் பற்றி நிற்க, அடி பின்னோக்கி நகர்ந்து, இரண்டிற்கும் இடையிலுள்ள சுவர் நீள்கின்றது. ஒவ்வொருமுறையும் இங்ஙனம் நீண்டு மெலிந்து, முடிவில் அடி தனியே அற்றுவிடும். அற்றுவிழுமுன் அடிக்குச் சற்று மேலே வெளுத்த வளையம் ஒன்று தோன்றுவதுண்டு. வளைந்த கம்பியின் முனையை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளமும் புலப்படும். பின்னே விளிம்பு நீண்ட முந்நூற்று மூன்று என்னும் ஆங்கிலத் தோட்டாவில் இக்கேடு மிகுதி. அது விளிம்பினால் அறையில் நிலைபெறுவதாகலின், சேறும் தூசியும் படிந்தாலும் நுழையவேண்டி அதன் அறையைத் தோளருகே தாராளமாகக் குடைந்தனர். போர்க்களத்தில் ஒருமுறை சுட்டெறியும் கூட்டிற்கு அஃது ஏற்றதே. மீண்டும் மீண்டும் வழங்கும் கூட்டிற்கு அதுவே கேடாயிற்று. ஆகவே பழகியோர் தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 2 பங்களவே பின்தள்ளி அமைவர். நுழைதற்குப் போதுமான அளவே ஒடுக்குக என்பது இதன் சுருக்கம்.

மழைக்காலப் பிளவு

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சேனையார், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமே பிளந்திருக்கக் கண்டனர். சுடவுமில்லை, அடிபடவுமில்லை. பருவந்தோறும் நிகழ்ந்தமையால் அதனைப் பருவப் பிளவு என்றனர்.

இதன் காரணத்தை மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்னும் மூவர் 1921-ஆம் ஆண்டு விளக்கினர். குதிரையின் சிறுநீர் சிதைந்து அம்மோனியா வாயுவை எழுப்புகின்றது. மழைக்காலத்து ஈரம் அதனைக் கரைத்துப் பித்தளையின்மேற் படியச் செய்கின்றது. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் தோன்றுவதை நம் மாணவர் ஆய்வுக்கூடத்திற் கண்டிருப்பர். அம்மோனியா செம்போடு கூடும் அவ்விழைவே இங்கும், காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு, உலோகத்தின் பளிங்கு மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளை அரிக்கின்றது.

ஆயினும் அம்மோனியா மட்டும் இப்பிளவிற்குப் போதாது. அதே லாயத்தில் நன்கு காய்ச்சி இளக்கிய பித்தளையை வைத்தால் அது பிளவாது. அச்சுகளின் வழியே இழுத்த கூட்டிலோ, ஒரு பகுதி பின்வாங்க விரும்பியும் அடுத்த பகுதி விடாமையால், அவ்விழுப்பு உள்ளேயே தேங்கி நிற்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அவ்விழுப்பும், வெளியிலிருந்து வரும் வாயுவும் ஒருங்கு கூடியபோதே பிளவு நேர்கின்றது. ஆதலின் பரிகாரமும் எளிதாயிற்று. கூட்டை ஏறத்தாழ 250 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால், உறுதி பெரிதும் குன்றாமலே உள்ளிழுப்பு நீங்கிவிடும். பித்தளைப் பொருளில் இத்தகைய இழுப்பு உளதா என்று அறியப் பாதரச நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்துப் பார்க்கும் சோதனையும் வழக்கில் வந்தது. இழுப்பு மிக்கதாயின் பண்டம் சில நிமிடங்களிற் பிளக்கும். அம்மோனியா கலந்த மெருகு நீர்களால் கூடுகளைத் துலக்கலாகாது என்று வல்லுநர் எச்சரிப்பதும் இது பற்றியே.

முடிவுரை

அறையை விட்டுக் கூடு எளிதில் வெளிவருதற்குக் காரணம் பித்தளையின் பின்வாங்குந் தன்மை. அச்சிற்கு அது இணங்காமைக்குக் காரணமும் அதுவே. பின்வாங்க இடமின்றி உள்ளே தேங்கிய அத்தன்மையே, தகாத சூழல் வாய்த்தவுடன் கூட்டைப் பிளந்தது. ஒரு பொருளின் நற்குணமும் குறையும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து எழுவன என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வறிவு தோட்டாவோடு நில்லாது. நீர்க்குழாயின் பித்தளைத் திருகாணியும், மின்சார விளக்கின் பித்தளைப் பொருத்தும், மாட்டுத் தொழுவத்தருகே மாட்டிய பித்தளைக் கொக்கியும் இவ்விதிக்கு உட்பட்டனவே. ஆதலின் காரணமின்றிப் பிளந்தது என்று ஒரு பொருளை எறியுமுன், அது செய்யப்பட்டபோது அதனுள் எவ்விழுப்பு தேங்கிற்று என்றும், அதைச் சூழ்ந்த காற்றில் யாது கலந்திருந்தது என்றும் வினவும் பழக்கத்தை நம் மாணவர் கைக்கொள்வாராக.